கப்பல் கம்பெனிக்கு நான் சொன்ன யோசனை

குடும்பத்துடன் ஆனந்தமாகச் சிங்கப்பூர் செல்லுங்கள் என்று அந்தக் கப்பல் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. குடும்பம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதற்கு விளம்பரத்தில் விளக்கம் இல்லை. நாகப்பட்டினத்தில் படகேறி, அலையில் ஆடி, ஏணியில் தொங்கி, கப்பலுக்குள் போய் விழுந்த பிறகுதான் அது விளங்கியது. ஆண்களுக்குப் பின்பக்க அறைகள். பெண்களுக்கு முன்பக்க அறைகள். நடுவில் சமையற்கட்டும் கோழிக் கூண்டுகளும். ஆக, கோழிகளுக்கு இருபுறமும் பிரித்து வைக்கப்பட்ட மனிதர்களுக்குப் பெயர் குடும்பம்.

நான் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதம் எந்த மேஜையில் எவ்வளவு காலம் தூங்கலாம், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்றதும் சர்க்கார் என் நாற்காலியைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டது, பழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை. எனவே கப்பல் நங்கூரம் எடுப்பதற்குள் பர்ஸரைத் தேடிப் போனேன். பர்ஸர் என்பவர் பயணிகளின் கட்டணத்துக்கும் குறைகளுக்கும் பொறுப்பானவர். முதலாவதை வாங்கி வைத்துக்கொள்வார்.

"கணவனும் மனைவியும் ஒரே அறையில் தங்க உங்கள் விதியில் இடம் உண்டா?" என்று கேட்டேன்.

"முதல் வகுப்பில் உண்டு" என்றார்.

"இரண்டாம் வகுப்பில் கல்யாணம் செல்லாதா?"

அவர் கோவாக்காரர். நல்ல ஆங்கிலத்தில் சிரித்தார். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் தொங்கிய ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். பயணிகள் தங்கள் யோசனைகளை எழுதி அதில் போடலாம். கம்பெனி அவற்றைப் பெரிதும் மதிக்கிறது. ஒரு தாளில் என் முதல் யோசனையை எழுதிக்கொண்டு போய்ப் பார்த்தால், பெட்டியின் வாயில் வேர்க்கடலைத் தோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. கப்பல் பிள்ளைகள் அதை வேறு காரியத்துக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சுத்தம் செய்யலாமே என்றேன். சாவி காணாமல் போய்விட்டது என்றார் பர்ஸர். எந்தத் துறைமுகத்தில் என்று கேட்டேன். அவர் வருவதற்கு முன்பாம்.

மறுநாளிலிருந்து வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஆண்களுக்கு முதல் பந்தி, பெண்களுக்கு இரண்டாம் பந்தி. சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் வெந்நீர் வந்தது. அதற்கு இட்ட கரண்டியைத்தான் மீன் குழம்புக்கும் இடுகிறார்கள் என்று கண்டுபிடித்ததிலிருந்து நான் ரொட்டிக்கும் ஊறுகாய்க்கும் மாறினேன். ஆபத்துக் காலப் பயிற்சி என்று ஒருநாள் மணி அடித்தார்கள். ஆண்களை இடப்பக்கப் படகுகளுக்கும் பெண்களை வலப்பக்கப் படகுகளுக்கும் ஓடச் சொன்னார்கள். மூழ்குவதாக இருந்தாலும் இந்தக் கம்பெனியில் தனித்தனியாகத்தான் மூழ்க வேண்டும்.

என் மனைவி சிவகாமிக்கு முன்பக்கம் பிடித்துப்போயிற்று. அங்கே அவளுக்கு ஒரு சபை கூடியிருந்தது. அதில் ராசாத்தி என்ற இளம்பெண் ஒருத்தி. மன்னார்குடிப் பக்கம். புதுக் கல்யாணம். கணவன் செல்வராசு சிங்கப்பூரில் பல வருடமாக மளிகைக் கடையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதில் பங்குதாரனாகவும் ஆகி, ஊருக்கு வந்து தாலி கட்டி, அவளை அழைத்துப் போகிறான். தாலி கட்டிய பத்தாம் நாள் கப்பல் ஏறியவர்கள். பெண் முன்பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பின்பக்கம் என்னருகில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். குடும்பத்துடன் ஆனந்தப் பயணம்.

செல்வராசுதான் எங்கள் தபால்காரன். கோழிக்கூண்டு வரைக்கும் போய் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வாங்கி வருவான்.

"ஐயா, அம்மா வெத்தலைப் பெட்டிய கேட்டாங்க. அப்புறம் நீங்க மாத்திரை போட்டீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

"என்னை என்னவென்று சொல்லிக் கேட்டாள்?"

"'அவங்க'ன்னுதான் சொன்னாங்க ஐயா. வேற எப்படிச் சொல்லுவாங்க?"

வேறு எப்படிச் சொல்வாள்? எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதில் ஒருமுறைகூட அவள் என் பெயரைச் சொன்னதில்லை. எதிரே இருந்தால் 'ஏங்க'. எதிரே இல்லாவிட்டால் 'அவங்க'. என் பெயர் தில்லைநாயகம். சிதம்பரத்தை யாராவது தில்லை என்று சொன்னால்கூடச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவள் வீட்டார் சொல்லிக்கொடுத்த சட்டம். எந்தச் சட்டத்துக்கும் பிரிவும் உட்பிரிவும் கேட்கிற நான், இதற்கு மட்டும் கேட்டதில்லை. என் ஆயுள் சம்பந்தப்பட்டது என்பதால் இருக்கலாம்.

பினாங்கு வந்தது, போயிற்று. மலாயாக் கரை ஓரமாக இன்னும் ஓர் ஊர். பிறகு ஒரு காலையில் சிங்கப்பூர். பச்சைத் தீவுகளும், அவற்றின் நடுவே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும் கப்பல்களும். எங்கள் நாகப்பட்டினக் கடல் இவ்வளவு அடக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இறங்கியதும் பெண்மணிகளின் வசதியை முன்னிட்டு மறுபடியும் பிரித்தார்கள். ஆண்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு கொட்டகை. நடுவில் தகரத் தடுப்பு. எனக்கு ஒன்றும் சிரமமில்லை. பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, திரும்பிப் போகும் டிக்கெட், மகன் எழுதிய பொறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் கேட்கிற வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தேன். வெள்ளைக்கார அதிகாரி ஒருமுறை புரட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

பிறகு காத்திருந்தேன். செல்வராசுவும் காத்திருந்தான். பெண்கள் வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்கவும் முடியவில்லை. பாரம் தூக்கும் யந்திரம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் இரும்புச் சங்கிலியை உருட்டிக்கொண்டே இருந்தது. நேரம் ஆக ஆகச் செல்வராசுவின் பேச்சில் சிங்கப்பூர்க்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டுகிற 'லா' வந்து ஒட்டிக்கொண்டது.

"என்னா ஐயா, திருப்பி அனுப்பிடுவாங்களா? போன கப்பல்ல ஒரு பொண்ண எறங்க விடலன்னு சொல்றாங்கலா. பதில் சரியா சொல்லலயாம். அதே கப்பல்லயே ஊருக்கு அனுப்பிட்டாங்களாம்."

"என்ன கேள்விக்கு?"

"அதான் தெரியல ஐயா."

அந்தப் பக்கம் நடந்ததை நான் பிறகு பலர் வாயால் கேட்டறிந்தேன். ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டிருக்கிறார். பிறர் மனைவியைத் தன் மனைவி என்று சொல்லி அழைத்து வருகிற ஆட்கள் உண்டாம். அதனால் இந்தச் சோதனை. ஊர் என்ன, கல்யாணம் எப்போது, கணவன் பெயர் என்ன. முதல் இரண்டுக்கும் ராசாத்தி டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறாள். மூன்றாவதுக்கு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பாளர் சின்னத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு தலைமுறையாக இங்கே உத்தியோகம் பார்க்கிற குடும்பம். விதி என்றால் விதி என்கிற வகை. அவரைப் பிறகு பார்த்தபோது எனக்கு என் பழைய ஆபீசே எழுந்து வந்து நின்றதுபோல் இருந்தது.

"பிள்ளை, பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார்.

"புஸ்தகத்துலயே எழுதியிருக்குங்களே" என்றிருக்கிறாள் ராசாத்தி.

"பாஸ்போட்டில இருக்கிறது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டதுதான் கேள்வி."

அவள் அழ ஆரம்பித்திருக்கிறாள். அடுத்து நின்ற சிவகாமி முன்னால் போய், "ஐயா, நம்ம சனங்கதானே நீங்க. உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்ல சொல்லுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ர மனிசியும் சொல்லமாட்டாதான் அம்மா. ஆனா அவ கப்பலில வரேல்லையே. சரி, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட அவற்ற பேர் என்ன?"

அதற்குச் சிவகாமி சொன்ன பதிலைச் சின்னத்துரை பிறகு எனக்கு அப்படியே ஒப்பித்துக் காட்டினார். "நடராசர் இருக்கிற ஊருக்கு இன்னொரு பேரு இருக்குல்ல, அதப் போட்டுக்குங்க. அதுக்குப் பின்னாடி தலைவன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒண்ணு சேத்துக்குங்க."

"அம்மா, இது விடுகதை. பேர் இல்லை."

பின்னால் நின்ற பெண்கள் உதவிக்கு வரப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கப்பல் முழுவதும் என்னைச் சிரஸ்தார் ஐயா என்றே அழைத்ததால், என் பெயர் அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை. உத்தியோகத்தை மட்டும் சொல்லி அறிமுகமாகிற பழக்கத்தால் வருகிற வினை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதில் சொல்லாதவர்கள் ஓரமாகப் போய் நிற்கலாம், கப்பலுக்குத் திருப்பி அனுப்புவது பற்றி மாலையில் முடிவு செய்யலாம் என்றார். சின்னத்துரை அதை மொழிபெயர்த்தார். ராசாத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் சிவகாமி அவளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். "எந்திரி. அழாதே. இங்க பாரு, நான் சொல்றேன். இத்தன வருசத்துல அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, இனிமே என்ன ஆயிடப் போகுது. நான் சொன்ன ஒடனே நீ சொல்லிடணும், கேட்டியா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். முதலெழுத்தோடு. படிப்போடு. உத்தியோகத்தோடு.

ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு, "செல்வராசு" என்று கத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும், கேட்பதற்கு முன்பே, ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்களாம். சின்னத்துரைக்கு எழுதக் கை போதவில்லையாம்.

வெளியே வந்ததும் ஒரு கிழவி என்னைப் பார்த்து, "நீங்கதான் தில்லைநாயகம் ஐயாவா?" என்றாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கூலிக்காரர் ஒருவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சின்னத்துரையே தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து என் கையைக் குலுக்கினார்.

"சிரஸ்தார், இண்டைக்கு உங்கட பேர் இந்தக் கொட்டகை முழுக்கக் கேட்டுது. கோயில் மணி மாதிரி."

எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

"அது நீங்கள் மற்றப் பக்கம் நிண்டபடியால்" என்றார், விதியை விளக்குகிற குரலில்.

சிவகாமியைப் பார்த்தேன். அவள் ராசாத்தியின் தலையைத் தடவிவிட்டு, என்னிடம் திரும்பி, "ஏங்க, பெட்டி நாலும் வந்துதா பாருங்க" என்றாள்.

கப்பலில் வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. துறைமுகத்துக் கூலிகளுக்குக் கேட்டிருக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் கேட்டிருக்கிறது. பெயர் யாருடையதோ அந்த ஒருவனுக்கு மட்டும், பெண்மணிகளின் வசதியை முன்னிட்டு, கேட்கவில்லை.

எங்கள் மகன் சுந்தரம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தான். கீழே மசாலா அரைக்கும் மில். காலையில் மல்லி, மத்தியானம் மிளகாய். எங்கள் தும்மலை வைத்தே மணி சொல்லிவிடலாம், கடிகாரம் தேவையில்லை. எதிர் வரிசையில் கோப்பிக் கடை. அங்கே கோப்பியைக் காலிப் பால் டின்னில் ஊற்றி, மூடியில் துளை போட்டுச் சணல் கயிறு கட்டிக் கையில் தருகிறார்கள். ஊரில் வெண்கலச் செம்பில் குடித்தவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. நாலாம் நாள் நானே விரலில் டின்னை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். கோப்பி நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளும் என் மனம் வேறு ஒன்றில் இருந்தது. அது என்ன என்று சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சிவகாமி என் பெயரைச் சொல்லி நான் ஒருமுறை கேட்க வேண்டும். அவ்வளவுதான். நேராகக் கேட்டுப் பார்த்தேன்.

"அன்னைக்கு எப்படிச் சொன்னே? ஒருதரம் சொல்லேன்."

"அது சர்க்கார் கேட்டுச்சு, சொன்னேன். நீங்க என்ன சர்க்காரா?"

இந்தக் கேள்வியை ஓய்வு பெறுவதற்கு முன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

நேர்வழி அடைபட்டால் சுற்றுவழி. தேக்கா சந்தைக்கு அவளோடு போனேன். ஊர்ச் சந்தையில் கத்தரிக்காயைத்தான் பார்க்கலாம். இங்கே ஒரு பக்கம் சீனர் பன்றித் தொடையைத் தொங்கவிட்டிருக்கிறார், அடுத்த பக்கம் மலாய்க்காரர் ஆட்டை வெட்டுகிறார், அதற்கடுத்து நம் ஆள் முருங்கைக்காய் கட்டுகிறார், யாரும் யாரையும் முறைப்பதில்லை. அவள் கீரைக்காரியிடம் பேரம் பேசும்போது நான் மெதுவாக நழுவிப் பூசணிக் குவியலுக்குப் பின்னால் நின்றேன். கூட்டத்தில் ஆளைக் காணவில்லை என்றால் பெயர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? அவள் திரும்பினாள். தேடினாள். முகம் மாறியது. வாயைத் திறந்தாள்.

"ஏங்க!"

தேக்கா சந்தையில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "இதோ வரேன்" என்று பதிலே சொல்லிவிட்டார். நான் பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தேன். "அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். விலை விசாரித்தேன் என்றேன்.

சின்னத்துரை தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். காத்தோங்கில், சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கம். டிராலி பஸ்ஸில் கிளம்பினோம். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் அதன் கொம்பு கம்பியை விட்டுவிட்டது. பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, நீண்ட மூங்கில் கழியால் கொம்பைப் பிடித்துக் கம்பியில் மாட்டப் பார்த்தார்; அது நெருப்புப் பொறியைக் கொட்டிவிட்டு விலகியது. நம் ஊரில் என்றால் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து நிலக்கடலை தின்றார்கள். நான் மட்டும் இறங்கிப் போய் யோசனை சொன்னேன். கண்டக்டர் மலாயில் ஏதோ சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்ணிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஏறி உக்காருங்கலா ஐயா, இல்லன்னா உங்கள விட்டுட்டுப் போயிடுவேங்கிறாரு."

கடைசியில் டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏறிப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. சீன வண்டிக்காரர் எங்கள்மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே மிதித்தார். தார்ப்பாய்க்குள் சிவகாமியும் நானும். கப்பலில் கம்பெனி தராத ஒரே அறையை அவர் தந்தார்.

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தோம். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் தூணைப் பார்ப்பதுபோல் நின்றேன். சிவகாமி என்னை முழங்கையால் இடித்தாள். நான் அசையவில்லை. குருக்கள் மறுபடி கேட்டார்.

"நட்சத்திரம் பூரட்டாதி" என்றாள் அவள்.

"பேர் அம்மா?"

"சாமிக்குத் தெரியும்" என்றாள்.

குருக்கள் சரியென்று தலையாட்டி உள்ளே போனார். சாமி விதிகளில் எவ்வளவு தாராளம் பாருங்கள்.

சின்னத்துரை வீட்டில் சம்பலும் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். அவர் மனைவி சிவகாமியைச் சமையற்கட்டுக்குள் கூட்டிப்போய் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு. என்ன என்று சின்னத்துரை கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள் அவர் மனைவி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு ஆபீஸ்களும் இடியாப்பத்தைக் கவனித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி எங்களைத் தன் கடைக்கு அழைத்தாள். பஃபலோ ரோட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூர் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது.

"செல்வராசு, அந்த உளுந்து மூட்டைய இங்க தள்ளு! செல்வராசு, அம்மாவுக்கு நாற்காலி போடு!"

செல்வராசு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என் காதருகில் குனிந்தான். "ஐயா, எல்லாம் உங்க வீட்டம்மா சொல்லிக் குடுத்தது. ஒருதரம் வாய் தெறந்தா, அப்புறம் மூடவே மாட்டேங்குது. தெருவுல இருக்கிற சீனன் பையன்லாம் என்னய மலாயில 'செல்வராசு, மாரி சினி', இங்க வான்னு கூப்பிடறானுங்க."

"உனக்குப் பிடிக்கவில்லையா?"

அவன் உளுந்து மூட்டையைத் தள்ளி நிறுத்தினான். "பிடிக்குது ஐயா" என்றான்.

ராசாத்தியிடம் நான் தாழ்ந்த குரலில் கேட்டேன். "அன்னைக்குக் கொட்டகையில அம்மா எப்படிச் சொன்னாங்க? நீ பக்கத்துலதானே நின்னே?"

அவள் உடனே எழுந்து, மார்பை நிமிர்த்தி, ஒரு கையை மளிகைத் தராசின்மேல் ஊன்றி, சிவகாமியின் குரலில் ஆரம்பித்தாள். "திருவாளர் ஆனா..."

"ராசாத்தி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பெரியவங்க பேர இப்படிச் சொல்லக் கூடாது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். 'ஆனா' என்ற முதலெழுத்து மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஆகவே, குறை தனி மனிதரிடம் இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். முப்பது வருட உத்தியோகம் எனக்குக் கற்பித்தது அது ஒன்றுதான். விசாரித்ததில், கேள்வி கேட்பது மட்டுமே அதிகாரிகளின் வேலை. பயணிகளை இறக்கி வரிசையில் நிறுத்துவது கப்பல் கம்பெனியின் வேலை என்று தெரிந்தது. நகரத்தில் இருந்த கம்பெனி ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே பால்ராஜ் என்ற தமிழர் இருந்தார். இங்கேயே பிறந்தவர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"குடும்பப் பயணத்தைச் சீர்படுத்த யோசனைகள் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன்.

"குட், குட். சொல்லுங்க ஐயா. கம்பெனியே கேட்டுட்டு இருக்கு. இந்த வருசம் ஃபேமிலி பாசெஞ்சர் ஜாஸ்தி ஆக்கணுமாம்."

சொன்னேன். சைவத்துக்குத் தனிக் கரண்டி. அவருக்குப் புரியவில்லை, கரண்டி கரண்டிதானே என்றார். யோசனைப் பெட்டிக்குச் சாவி. எழுதிப் போடுங்கள் என்றார். எங்கே என்றேன். பெட்டியில் என்றார். கணவன் மனைவிக்கு ஒரே படகு. அதற்குக் கேப்டனைக் கேட்க வேண்டும். ஒரே அறை. அதற்கு முதல் வகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு யோசனையையும் அவர் அன்போடு வாங்கி அன்போடு புதைத்தார். என் ஆபீசில் இந்தத் திறமை உள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் நான் இன்னும் முன்பே ஓய்வு பெற்றிருப்பேன்.

"கடைசியாக ஒன்று. துறைமுகத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்காதீர்கள். குடும்பம் குடும்பமாக ஒரே வரிசையில் நிறுத்துங்கள்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நல்லா இருக்கே ஐயா! ஒரு கொட்டகை வாடகை மிச்சம். ஆனா ஏன் கேக்குறீங்க? உங்களுக்கு ஏதும் பிராப்ளம் ஆச்சா?"

"எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிராப்ளம்" என்றேன்.

அவர் சிரித்தார். புரிந்து சிரித்ததாகத் தெரியவில்லை. "பாக்கலாம்லா" என்றார்.

இந்த 'பாக்கலாம்' எந்த தேசத்து ஆபீசிலும் ஒரே பொருள் கொண்டது. எனவே நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

பேரனின் முதல் பல் முளைத்ததைப் பார்த்துவிட்டு, மில்லின் மிளகாய்க்கு மூக்கு பழகிய சமயத்தில் நாங்கள் கிளம்பினோம். வழியனுப்ப மகன், மருமகள், அவர்களோடு செல்வராசுவும் ராசாத்தியும். தஞ்சோங் பகாரில் போய் இறங்கினால், எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. தகரத் தடுப்பைக் காணோம். புறப்படுகிறவர்களும் வந்திறங்குகிறவர்களும் குடும்பம் குடும்பமாக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பால்ராஜ் ஓடி வந்தார்.

"ஐயா, உங்க யோசனைதான்! கம்பெனி அப்ரூவ் பண்ணிடுச்சு!"

என் வாழ்நாளில் நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் இத்தனை வேகத்தில் ஒப்புதல் கிடைத்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. வரிசையில் நின்றோம். நான் முன்னால், அவள் எனக்குப் பக்கத்தில், தோளோடு தோள். மேஜையில் சின்னத்துரை. புறப்படுகிறவர்களுக்கும் அதே மூன்று கேள்விகள்தானாம். இந்த முறை தடுப்பு இல்லை, சங்கிலி உருட்டும் யந்திரம்கூட எங்கோ தள்ளி இருந்தது. ஒரு ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். நான் என் காகிதங்களைக் கொடுத்தேன். சின்னத்துரை பார்த்து வைத்தார். பிறகு சிவகாமியின் பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

"ஊர்?"

"மாயவரம்" என்றாள்.

"கலியாணம் எப்ப?"

சொன்னாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சின்னத்துரை பேனாவை மையில் தோய்த்தார். சிவகாமி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, லேசாக நிமிர்ந்தாள். ராசாத்தி கடையில் நடித்துக் காட்டிய அதே நிமிர்வு.

சின்னத்துரை என் பக்கம் திரும்பினார்.

"சிரஸ்தார், நீங்களே உங்கட பேரைச் சொல்லுங்கோ."

"அவளைத்தானே கேட்க வேண்டும்?"

"அது பழைய முறை. அவர் பக்கத்தில நிக்கிற நேரம் மனிசியைச் சங்கடப்படுத்தக் கூடாது எண்டு இப்ப உத்தரவு. உங்கட யோசனையால வந்ததுதானே? என்ர மனிசிக்கும் இதில சரியான சந்தோசம்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நான் என் பெயரைச் சொன்னேன். என் குரலில். முதலெழுத்தோடு, படிப்போடு, உத்தியோகத்தோடு. சின்னத்துரை முத்திரை குத்தினார்.

கப்பலில் கோழிக்கூண்டுகள் அதே இடத்தில் இருந்தன. பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். பிரிகிற இடத்தில் சிவகாமி நின்றாள்.

"என்ன முகம் இப்படி இருக்கு?"

"ரெண்டு வரிசையா இருந்தா எனக்குக் கேட்காது. ஒரே வரிசையா இருந்தா நீ சொல்ல வேண்டியதில்லை. இதை நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும்."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். "சொல்லத்தான் எடுத்தேன்" என்றாள். "நீங்க முந்திக்கிட்டீங்க." வெற்றிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள்.

ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு திருத்தம் தேவை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குடும்பங்கள் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆனால் கேள்வியை மனைவியிடம் முதலில் கேட்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில், காரணம் எதையும் குறிப்பிடாமல் இதை எழுதினேன். நாலாக மடித்தேன். மூலையில் தொங்கிய பெட்டியில் வேர்க்கடலைத் தோலுக்கு மேல் இப்போது ஆரஞ்சுத் தோலும் சேர்ந்திருந்தது.

பர்ஸரிடம் போனேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. சாவி இன்னும் கிடைக்கவில்லை என்றார்.